லிஃப்ட் கிட் வாங்கும் முன் வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள்

கேள்வி இதுதான். நாமக்கல்காரர் ஒருவர் 2021 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வைத்திருக்கிறார், ஃபோர் வீல் டிரைவ். மாதத்தில் இரண்டு மூன்று முறை கொல்லிமலையில் இருக்கும் மிளகு, காபித் தோட்டத்துக்குப் போய்வருகிறார். தார் ரோடு முடிந்தபின் வரும் மண் பாதையில் வண்டி அடி தட்டுகிறது. ஒரு கடைக்காரர் ஸ்பேசர் (இடையில் செருகும் கட்டை) போட்டு வண்டியை 2 இன்ச் தூக்கித் தருகிறேன் என்கிறார். இன்னொரு கடையில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி அதைப்போல் ஏழெட்டு மடங்கு விலை கேட்கிறார்கள். அவர் மனதில் இருப்பதோ 4 இன்ச் லிஃப்டும் 33 இன்ச் டயரும். எதை எடுப்பது?

சார், 4 இன்ச் வேண்டாம், 33 டயரும் வேண்டாம். ஸ்பேசரும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். ஆனால் எந்தக் கடைக்கும் போன் போடுவதற்கு முன் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கையில் டார்ச் இருக்கட்டும். தட்டிய இடம் பெயின்ட் உரிந்து பளபளவென்று தெரியும். எங்கே உரிந்திருக்கிறது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

பக்கவாட்டு ஃபுட்போர்டில் கீறல் என்றால் லிஃப்டே தேவையில்லை, அதைக் கழற்றி வைத்தால் போதும். இந்த வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 3 மீட்டருக்கு மேல், சரியாகச் சொன்னால் 3095 மி.மீ. நீள வண்டி ஒரு மேட்டின் முதுகைத் தாண்டும்போது வயிறுதான் முதலில் இடிக்கும். அந்த வயிற்றில் ஒரு அலுமினிய ஃபுட்போர்டையும் தொங்கவிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பின் பம்பரோ, டிரெய்லர் மாட்டும் டோ ஹிட்சோ உரசியிருந்தால், பள்ளத்திலிருந்து ஏறும்போது வால் இடிக்கிறது என்று அர்த்தம். இதற்கு லிஃப்ட் கொஞ்சம் உதவும். முன்பக்க இன்ஜின் கார்டில் கீறல் என்றால் நன்றாகவே உதவும்.

பின் ஆக்ஸிலின் நடுவில் இருந்து இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் அடி பட்டிருந்தால் எந்த லிஃப்ட் கிட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட உதவாது. கடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆக்ஸில் டயரோடு சேர்ந்து தரையில் நிற்கிறது, லீஃப் ஸ்பிரிங் (பட்டை) அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பாடியும் மேலே போகும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும். முன்பக்கக் கதை வேறு. வி-கிராஸில் முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் சேசிஸோடு பொருத்தியது. அதனால் லிஃப்ட் செய்தால் அதுவும் மேலே போகும். இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எடை மேடைக்கு வருவோம். நாமக்கல்லில் இருந்துகொண்டு எடை மேடை எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டீர்கள். இரண்டு தடவை போங்கள். ஒருமுறை காலி வண்டியாக, இன்னொரு முறை தோட்டத்துக்கு வழக்கமாகப் போகிற மாதிரி ஆள், சாமான், டீசல் எல்லாவற்றோடும். ஒவ்வொரு முறையும் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின் ஆக்ஸிலின் எடை வந்துவிடும். லாரிகளைப் பார்த்துப் பழகிய மேடைக்காரர் ஒரு பிக்கப்புக்கு இத்தனை சீட்டா என்று சிரிப்பார், சிரிக்கட்டும்.

நல்ல கிட் விற்கும் கம்பெனிகள் ஸ்பிரிங்கை உயரத்தை வைத்துப் பிரிப்பதில்லை, எடையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் இமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் இவற்றில் எதன் பட்டியலைப் புரட்டினாலும் முதலில் கேட்பது முன்னால் இரும்பு பம்பர் இருக்கிறதா, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் இருக்கிறதா, பின்னால் எப்போதும் எத்தனை கிலோ கிடக்கிறது என்பதுதான். அதில் 'எப்போதும்' என்ற சொல் முக்கியம். உங்களுக்கு மிளகு சீசனில் சில நாள் 400 கிலோ ஏறலாம். அது வந்து போகிற எடை. பின்தொட்டியை மூடும் கேனப்பி, டூல் பெட்டி, கூரை மேல் கூடாரம் இவையெல்லாம் இறங்காத எடை. ஸ்பிரிங் தேர்வு இறங்காத எடையை வைத்துத்தான்.

இதைக் குழப்பிக்கொண்டு ஆசைக்கு நிரந்தரச் சுமை ரகப் பட்டையை வாங்கிப் போட்ட வண்டி ஒன்றை ஓட்டியிருக்கிறேன். பின்தொட்டி காலி. ஒரு கொண்டை ஊசி வளைவில் ரோடு அலை அலையாக அரித்துக் கிடந்தது. பின்பக்கம் டக் டக் என்று துள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்தது, டேஷ்போர்டில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு மினுக் மினுக் என்றது. வேகம் முப்பதுகூட இல்லை. சுமை இல்லாத கெட்டிப் பட்டை ரோட்டோடு ஒட்டாது, உதைக்கும். அந்த வண்டியின் சொந்தக்காரர் அடுத்த மாதமே பட்டையில் ஒன்றைக் கழற்றிவிட்டார்.

லிஃப்ட் செய்தால் அதிகச் சுமை ஏற்றலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வண்டியின் தகட்டில் அச்சிட்ட மொத்த எடைதான் வரம்பு. பிரேக், சேசிஸ், ஆக்ஸில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஸ்பிரிங்கை மாற்றினால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். வரம்பு உயராது.

ஸ்பேசர் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, காயில் ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவில் செருகுவது. ஸ்பிரிங் முன்கூட்டியே அழுத்தப்படும், வண்டி எழும்பும். ஆனால் ஷாக்கின் நீளம் அதேதான். சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தை எடுத்துத்தான் உயரம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு டொக் என்று அடிக்கும். இன்னொன்று, ஷாக் முழுவதையும் அப்படியே கீழே தள்ளி மேலே ஒரு கட்டை வைப்பது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ஷாக், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருவதால் 25 மி.மீ. கட்டை வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் வரும். கேட்க லாபமாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலான வண்டிகளில் அந்த ஷாக்கின் நீளம்தான். அதையே கீழே தள்ளிவிட்டால் சக்கரம் வடிவமைத்ததைவிட அதிகமாகத் தொங்கும். பால் ஜாயின்ட் கோணம் எல்லை தாண்டும், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட் மடங்கிக்கொண்டே சுற்றும், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய் இடிக்கும்.

சொந்த அனுபவம். என் பழைய பிக்கப்பில் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒரு கடையில் இந்த இரண்டாவது வகையைப் போட்டேன். முதல் மாதம் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாதம் முன் ரிம்மின் உட்பக்கம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. பிரேக் லீக் என்று பயந்து சக்கரத்தைக் கழற்றினால் சி.வி. ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையின் மடிப்பு ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியாக மண் எப்போதோ உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து எடுக்கும்போதெல்லாம் டிக் டிக் டிக். ஷாஃப்ட் மாற்றிய செலவில் ஒழுங்கான முன்பக்க செட்டே வந்திருக்கும்.

முன்பக்க டிஃபரன்ஷியலும் மேலே போகும், அதற்கு விலை உண்டு என்றேனே, அது இந்த சி.வி. ஜாயின்ட்தான். டிஃபரன்ஷியல் உயர்ந்தாலும் சக்கரம் தரையில்தான். நடுவில் இருக்கும் ஷாஃப்ட் சாய்கிறது. நல்ல ஸ்பிரிங், ஷாக் போட்டாலும் இந்தச் சாய்வு வரும், ஆனால் 40 மி.மீ. வரை தாங்கும் கோணத்துக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கும் பிராக்கெட், புது மேல் ஆர்ம் என்று செலவு கிளை விடும். ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் எண் 40, மிஞ்சினால் 50. இன்ச் கணக்கில் ஒன்றரையிலிருந்து இரண்டு.

அமெரிக்காவில் எஃப்-150, சில்வராடோ வண்டிகளில் 4, 6 இன்ச் லிஃப்ட் சகஜம்தானே என்பீர்கள். அங்கே முன்பக்கச் சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரையும் டிஃபரன்ஷியலையும் பிராக்கெட் போட்டுக் கீழே இறக்கி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் புதிதாக வைத்து, சில வண்டிகளில் சேசிஸையே அறுத்து வேலை செய்வார்கள். அந்த வண்டியின் அகலமும் வேறு, அது போகும் ரோடும் வேறு. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் கட்டை வைக்கும் பாடி லிஃப்ட் என்று ஒன்றும் இருக்கிறது. அது பெரிய டயருக்கு இடம் கொடுக்குமே தவிர சேசிஸை ஒரு துளி உயர்த்தாது. விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்தில் உங்கள் ஊரில் ஒரு சபலம் காத்திருக்கிறது. லாரி ஸ்பிரிங் பட்டறை. ஒரு பட்டையைச் சேர்த்துக் கட்டினால் வேலை முடிந்தது, கூலியும் கம்மி என்பார்கள். எனக்குப் பழக்கமான பட்டறைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாகப் பட்டை அடிப்பவர். என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் பட்டையைத் தொடவே இல்லை. பட்டையின் பின்நுனியைச் சேசிஸோடு இணைத்துத் தொங்கும் ஷேக்கிளை விரலால் தட்டி, "இது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க தம்பி, அப்புறம் பட்டையைப் பேசலாம்" என்றார். பட்டையின் வளைவு கூடக் கூட அதன் இரண்டு கண்களுக்கும் இடையே தூரம் குறையும், ஷேக்கிள் முன்பக்கம் இழுபடும். நேர்க்குத்தைத் தாண்டி முன்னால் போய்விட்டால், பள்ளத்தில் விழும்போது எந்தப் பக்கம் மடிவது என்று தெரியாமல் மேலே இடிக்கும். அவர் ஒரு பட்டை சேர்க்க மறுத்துவிட்டார். லாரிப் பட்டை லாரிக்குத்தான், பிக்கப்பில் போட்டால் கல்லு மாதிரி இருக்கும் என்று சொல்லியே அனுப்பினார். எல்லாப் பட்டறையிலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நீள ஷேக்கிள் போட்டுத் தூக்குவதும் உண்டு. 2 இன்ச் நீளம் கூட்டினால் 1 இன்ச் உயரம்தான் வரும், ஆக்ஸிலின் கோணமும் திரும்பிவிடும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்தால், ஏற்றத்தில் முதல் கியரில் மிதிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிப் பட்டையை எஸ் மாதிரி வளைக்கும். கொல்லிமலைக்கு இது ஆகவே ஆகாது. முழுப் பட்டைக் கட்டையும் மாற்றுவதுதான் சரி, அதற்கு ஏற்ற நீளமான ஷாக்கோடு. பழைய ஷாக்கைப் புது ஸ்பிரிங்குக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது. ஸ்பிரிங் உதறுவதை அடக்குவது ஷாக்கின் வேலை. புது ஸ்பிரிங்கின் கெட்டிக்குப் பழைய ஷாக் போதாது, நீளமும் எட்டாது. பின்பக்கம் உயர்ந்த பிறகு வண்டி கிளம்பும்போது வண்டித் தரைக்கு அடியில் ஒரு நடுக்கம் தெரிந்தால், பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் இரண்டு துண்டு பிராப்பெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங் கோணம் மாறியிருக்கிறது. ஒரு சின்ன ஸ்பேசரில் அது சரியாகும். அந்த இடத்தில் மட்டும் ஸ்பேசருக்கு நான் எதிரியில்லை.

டயர். உங்களுக்கு வந்தது 255/60 ஆர்18, விட்டம் 763 மி.மீ. 33 இன்ச் என்றால் 838. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 110-ஐ ஒட்டிப் போகும். அதைவிட, கியர் எல்லாமே 10 சதவீதம் உயர்ந்தது போல ஆகிவிடும். 1.9 லிட்டர் இன்ஜின் எழுபது கொண்டை ஊசியிலும் டர்போவுக்காகக் காத்துக் கிடக்கும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கும் குறையும். ஒடிக்கும்போது டயர் மட்கார்டின் பின் ஓரத்தில் உரசும் என்பது தனி. இத்தனைக்கும் ஆக்ஸிலுக்குக் கிடைப்பது 37 மி.மீ. அதற்குப் பதில் 265/65 ஆர்18 பாருங்கள். விட்டம் 802, 5 சதவீத வித்தியாசம், ஆக்ஸிலுக்கு 19 மி.மீ. வாங்கும் முன் ஒரு டயரை மட்டும் மாட்டி இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபார்ச்சூனரில் வரும் 265/60 ஆர்18. எந்தக் கடையிலும் கிடைக்கும், விட்டம் 12 மி.மீ. மட்டுமே கூடும். மண்ணில் பிடிப்பதற்கு உயரத்தைவிட ஆல் டெரெய்ன் டயரின் பட்டன்தான் முக்கியம்.

வளைவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து, வண்டி கவிழும் தன்மையை அளப்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் வழக்கம். எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். அகலம் 1570 மி.மீ., மையத்தின் உயரம் 720 மி.மீ. என்று ஒரு கணக்குக்கு வைத்தால் 1.09 வருகிறது. மையத்தை 45 மி.மீ. உயர்த்தினால் 1.03. அதன் மேல் கூரைக் கூடாரமும் ஏறினால் 1-க்குக் கீழே போய்விடலாம். கொல்லிமலையில் எதிரே பஸ் வரும்போது ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்ட வேண்டியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். 4 இன்ச் கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே படித்தது. முன்னால் இரும்பு பம்பர் வைக்க ஆசை இருந்தால், கிராஷ் கார்டு, புல் பார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. விபத்து ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். சஸ்பென்ஷன் வாரன்ட்டி போச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தெரிந்து, ஏற்றுக்கொண்டு செய்தால் செய்யுங்கள். ஃபுட்போர்டைக் கழற்றி நல்ல டயர் போட்டதோடு தட்டுவது நின்றுவிட்டால், லிஃப்டே செய்யாமல் விடுவது இன்னும் நல்லது.

கடையைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே ஒரு சோதனை உண்டு. ஆர்ம் புஷ், ஷேக்கிள் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) போல்ட்டை எப்போது டைட் செய்வீர்கள் என்று கேளுங்கள். வண்டி கடையின் ஜாக்கியில் தொங்கும்போதே என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலேயே ஓடிச் சில மாதத்தில் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். நாலு சக்கரமும் தரையில் நின்று, வண்டியை இரண்டு தடவை முன்பின் உருட்டி ஆட்டிவிட்டு, அதன் பிறகுதான் கடைசி டைட். டார்க் ரெஞ்ச் கையில் இருக்க வேண்டும். ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்று நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள்.

அலைன்மென்டில் பல கடைகள் டோவை (சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். வண்டியை உயர்த்தினால் அடிபடுவது கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். அது குறைந்தால் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, சேலம் ரோட்டில் 90-ல் போகும்போது வண்டி அலையும். முன்னும் பின்னும் எடுத்த பிரின்ட் இரண்டையும் கேட்டு வாங்கி, கேஸ்டர் எண்ணைப் பாருங்கள். ஹெட்லைட்டையும் அன்றே இறக்கச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வேலைக்கு விடும் நாள் காலையில் ஒரு டேப் எடுத்து, நாலு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றுகூடக் கணக்கைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் ஒருமுறை, 1000 கி.மீ. ஓடியபின் ஒருமுறை அதே இடங்களில் அளந்து பாருங்கள். புதுப் பட்டை கொஞ்சம் இறங்கி உட்காரும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் 10 மி.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் கடைக்குத் திரும்பப் போங்கள். யூ போல்ட்டை மறுபடி இறுக்க எப்படியும் அன்று போகத்தான் வேண்டும்.